நன்னாரி கேட்டா மாகாளி குடுக்கறாங்க: பெங்களூர்ல நாட்டு மருந்துச் சரக்கு எங்க வாங்கறீங்க, யாராவது சொந்தமா பயிர் பண்றீங்களா?

சாத்தான்குளத்துப் பொண்ணு
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க. நாங்க ஹொரமாவுல குடிவந்து எட்டு வருஷம் ஆகுது. இத்தனை நாளும் சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, வசம்பு, நன்னாரி எல்லாம் அம்மா ஊர்லேருந்து வரும்போது மஞ்சப்பையில கட்டி எடுத்துட்டு வந்துருவாங்க, இந்த வருஷம் முட்டிவலி அதிகமாகி அம்மாவால ரயில் ஏற முடியலை, சரி நாமளே வாங்கிக்குவோம்னு போன சனிக்கிழமை அவென்யூ ரோட்டுப் பக்கம் போனேன். நாட்டு மருந்துக் கடைன்னு கேட்டா யாருக்கும் புரியலை, கிரந்திகே அங்கடின்னு சொன்னதும் ஒரு ஆட்டோக்காரர் கை காட்டினார். நன்னாரி வேர் கால் கிலோ கேட்டேன், கட்டிக் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து வீடியோ கால்ல காட்டினா அம்மா பார்த்த உடனே "ஏட்டி, இது நன்னாரி இல்ல, மாகாளில்லா"ன்னுட்டாங்க. விரல் தடிமன்ல உருண்டையா இருக்கு, ஆனா வாசனை நன்னாரி மாதிரியேதான் அடிக்குது, எனக்குக் கண்டிப்பா தெரிஞ்சிருக்காது.

இன்னொரு விஷயமும் கேட்கணும். அப்பாவுக்கு ஊர்ல ரெண்டு ஏக்கர் மானாவாரி கிடக்கு. ஆச்சி காலத்துல அதுல நெலாவரை போடுவாங்க. இலையை உருவிக் காய வச்சு, பச்சை நிறம் மாறாம சாக்குல கட்டி தூத்துக்குடிக்கு ஏத்துவாங்க, அங்கேருந்து கப்பல்ல வெளிநாடு போகும். மலச்சிக்கலுக்கு வெளிநாட்டுக்காரங்க சாப்பிடற மாத்திரைல இருக்கறது அந்த இலையோட சத்துதான், அவங்க மருந்துப் புத்தகத்துலயே அதுக்கு டின்னவேலி சென்னான்னு எங்க ஜில்லா பேரைத்தான் போட்டிருந்தாங்க. இப்ப அப்பா நிலத்தை வித்துரலாம்ங்காங்க. எனக்கு மனசு வரலை. மூலிகை போட்டா கட்டுமா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

பழைய அல்சூர்
அம்மா, நான் அல்சூர்லயே பொறந்து வளர்ந்தவன், வயசு 71. உங்க அம்மா பார்த்தது சரி. இங்க நன்னாரிக்கு சொகதே பேரு, மாகாளிக்கு மாகளி பேரு, நீங்க தமிழ்ப் பேர் சொன்னதும் கடைக்காரர் வாசனை வேர்னு ஒரு குத்துமதிப்பா எடுத்துக் குடுத்திருப்பார், ஏமாத்தணும்னு செஞ்சதா எனக்குத் தோணலை. இந்த ஊர்ல பேர் தெரியாம சரக்கு வாங்கவே கூடாது. எழுதி வச்சுக்கோங்க: கற்பூரவள்ளிக்கு தொட்டபத்ரே, சீந்திலுக்கு அம்ருதபள்ளி, நொச்சிக்கு லக்கி, ஆடாதோடைக்கு ஆடுசோகே, கீழாநெல்லிக்கு நெலநெல்லி, வல்லாரைக்கு ஒந்தெலகா. பிரம்மின்னு மட்டும் மொட்டையா கேட்காதீங்க, ஒரு கடைல வல்லாரை குடுப்பாங்க, இன்னொரு கடைல நீர்ப்பிரமி குடுப்பாங்க, ரெண்டும் வேற வேற செடி.

எங்க சின்ன வயசுல மார்க்கெட் ஓரத்துல ஒரு பெரியவர் கோணி விரிச்சு வேரும் பட்டையுமா வச்சிருப்பார். கேட்டா வேரை உடைச்சு மூக்குகிட்ட நீட்டுவார், ஒரு சின்னத் துண்டு வாயில போட்டுப் பார்னு குடுப்பார், எந்த மலைல தோண்டினதுன்னும் சொல்லுவார், அதுக்கப்புறம்தான் காசு. இப்ப எல்லாமே பளபளப்பான டப்பால பொடியா வருது. பொடியாக்கிட்டா அது எந்த வேர்னு யார் சொல்றது?

இலைநரம்பு
ஐயா சொன்ன கடைசி வரிதான் என் வேலையே. நான் தாவரவியல் படிச்சவ, காய்ஞ்ச சரக்கை அடையாளம் பார்த்துச் சொல்றதுதான் பொழப்பு.

அக்கா, நன்னாரி வேர் மெலிசா கம்பி மாதிரி இருக்கும், கருப்பு கலந்த பழுப்பு நிறம், தோல்ல குறுக்கால வெடிப்பு வெடிப்பா இருக்கும், உள்ள கட்டையா இருக்கும். மாகாளி தடிமனா சதைப்பத்தா இருக்கும், காய்ஞ்சா நீளவாட்டுல சுருங்கும், வாசனை நன்னாரியை விடத் தூக்கலா இருக்கும். ரெண்டுலயும் வாசனை தர்ற பொருள் ஒண்ணுதான், அதனாலதான் மூக்கு ஏமாறுது. செடியா பார்த்தா நன்னாரி இலைல நடு நரம்பு ஓரமா வெள்ளைக் கோடு ஓடும், ஒரு தடவை பார்த்துட்டா மறக்காது.

மாகாளி உடம்புக்குக் கெடுதல் இல்லை, நம்ம ஊர்ல ஊறுகாய் போட்டு மோர்ச்சோத்துக்குத் தொட்டுக்கறதுதானே. எனக்கு வருத்தம் வேற. மாகாளி நம்ம தென்னிந்தியப் பாறை மலைகள்ல மட்டும் வர்ற கொடி. ஊறுகாய்க்கும் தோண்டறாங்க, சர்பத்துக்கும் தோண்டறாங்க, நன்னாரிக்குப் பதிலா மருந்துக்கும் தோண்டறாங்க, வேரோட போனா கொடியே போச்சு, இப்ப அருகிவர்ற செடிங்க பட்டியல்ல இருக்கு. ஒரு செடி கிடைக்கலைன்னு இன்னொண்ணை அது பேர்லயே வித்தா ரெண்டும் சேர்ந்து காலியாகும்.

இதே கதைதான் அசோகப்பட்டைக்கும். இந்த ஊர் அபார்ட்மென்ட் காம்பவுண்டு ஓரமெல்லாம் ஊசி மாதிரி உயரமா நிக்குதே, அதை எல்லாரும் அசோக மரம்ங்கறாங்க, அது நெட்டிலிங்கம். நிஜ அசோகம் குட்டையா பரந்து, ஆரஞ்சு சிவப்புல கொத்துக் கொத்தா பூக்கும். பெண்கள் மருந்துல சேர்க்கறது அதோட பட்டை. கடைல அசோகப்பட்டைன்னு வர்றதுல நெட்டிலிங்கம் பட்டையை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கேன்.

எலஹங்கா தாண்டி ஜாரகபண்டே காவல்ல எஃப்ஆர்எல்ஹெச்டின்னு 1993ல ஆரம்பிச்ச, மருத்துவச் செடிகளைப் பாதுகாக்கற ஒரு நிறுவனம் இருக்கு. மருத்துவத் தாவர வாரியத்துக்காக இவங்களும் சேர்ந்து எடுத்த கணக்குல, நாட்டுல வியாபாரத்துல இருக்கற மருத்துவச் செடி இனம் 1,178, அதுல வருஷத்துக்கு 100 டன்னுக்கு மேல போறது 242. 2014-15ல மொத்தத் தேவை 5 லட்சத்து 12 ஆயிரம் டன். இவ்வளவும் யாரோ தோட்டத்துல விளையுதுன்னு நினைச்சுக்காதீங்க. டன் கணக்குல பயிராகறது சில இனம்தான், மீதி பெரும்பாலானதை இன்னும் காடு மேடு அலைஞ்சுதான் பறிக்கறாங்க, தோண்டறாங்க.

மாடித்தோட்டம் ஜேபிநகர்
அதனாலதான் நான் எல்லாருக்கும் சொல்றது, மாடில நீங்களே வைங்க. என்கிட்ட 40 தொட்டி இருக்கு. தூதுவளை, ஆடாதோடை, கற்பூரவள்ளி, துளசி, பிரண்டை, கரிசலாங்கண்ணி, வல்லாரை, சீந்தில். பெங்களூர் வெயிலுக்கு எல்லாமே நல்லா வருது, பிரண்டைக்கு மட்டும் தண்ணி குறைச்சு விடணும் இல்லேன்னா அழுகிடும். லாக்டவுன்ல ஆரம்பிச்சது, தினமும் காலைல சீந்தில் தண்டு ஒரு சாண் அளவு இடிச்சு சாறு குடிக்கறேன், வீட்ல எல்லாருக்கும் குடுக்கறேன், சளி ஜுரம்னு ஆஸ்பத்திரி பக்கமே போனதில்லை. இயற்கைதானே, கெடுதல் என்ன வரப் போகுது.

மூலனூர்க்காரன்
சாத்தான்குளத்து அக்காவுக்கு வணக்கமுங்க. ஊரு மூலனூரு, இப்ப எலக்ட்ரானிக் சிட்டில வேலை. நிலம் கிடக்குதேன்னு இறங்கறதுக்கு முன்னாடி எங்க வீட்டுக் கதையைக் கேட்டுக்குங்க.

எங்க பக்கம் கண்வலிக்கிழங்கு, அதாங்க செங்காந்தள், நம்ம ஸ்டேட் பூ. கிழங்கு ஏர்க்கலப்பை மாதிரி வளைஞ்சிருக்கும், கலப்பைக்கிழங்குன்னும் சொல்லுவாங்க. எங்கப்பாரு வேலில கிடந்ததைத் தோண்டி நட்டவரு, அப்ப எல்லாருமே அப்படித்தான், இன்னைக்கு எங்கூரு வேலில ஒரு கொடி பார்க்க முடியாதுங்க. கொடி ஏற கம்பி கட்டோணும், கிழங்கு வாங்கவே முதல் வருஷம் கையிருப்பு பூராத்தையும் முழுங்கிரும். பூ பூத்ததுக்கப்புறம்தான் நிஜமான வேலை. சூல் தண்டு பூவை விட்டு சைடுல மடங்கி நீட்டிட்டு இருக்குமுங்க, மகரந்தம் தானா வந்து ஒட்டறது கம்மி, காலைல வெயில் ஏறறதுக்குள்ள ஆளுங்க ஒவ்வொரு பூவா தொட்டு மகரந்தம் வச்சு விடோணும், இல்லைன்னா காய் பிடிக்காது. எங்கம்மா அந்த ரெண்டு மூணு மாசம் விடிஞ்சா தோட்டம்தான், காபி கூட அங்கதான், பூவைத் தொட்டுத் தொட்டு விரல் நுனி எல்லாம் மஞ்சளாயிரும்.

விதைலேருந்து கோல்கிசின்னு எடுக்கறாங்க, கவுட்டுன்னு சொல்ற மூட்டு வீக்கத்துக்கு மருந்து, ஐரோப்பா போகுதுங்க. ஒரு வருஷம் கிலோ மூவாயிரம் தாண்டி வித்தோம், கடனடைச்சு தங்கச்சி கல்யாணம் பண்ணினோம். இன்னொரு வருஷம் ஆயிரத்துக்குக் கேட்டாங்க, மூட்டையை வீட்லயே வச்சுட்டு எப்ப ஏறும் எப்ப ஏறும்னு பார்த்துட்டு உக்காந்திருந்தோம். வாங்கறவங்க நாலஞ்சு பேரு, விலை அவங்க சொல்றதுதான். நெல்லுன்னா வீட்ல பொங்கியாச்சும் திங்கலாம், இந்த விதையை என்னங்க பண்றது?

இன்னொண்ணு, மாடித்தோட்டம் வச்சிருக்கறவங்க பூ அழகா இருக்குன்னு இதைத் தொட்டில வைக்காதீங்க. கிழங்கு, விதை ரெண்டும் கடும் விஷம், குழந்தைங்க இருக்கற வீட்டுக்கு வேண்டவே வேண்டாமுங்க.

ஆத்தூர் கிழக்கு
மூலனூர் அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. எங்க பக்கம் மருந்துக்கூர்க்கன் போட்டோம். அதோட வேர்க்கிழங்குல ஃபோர்ஸ்கோலின்னு ஒரு மருந்துச் சத்து எடுக்கறாங்க. நாத்து கிழங்கு வாங்கற கம்பெனிக்காரங்களே குடுத்தாங்க, இன்ன விலைக்கு எடுத்துக்கறோம்னு ஒப்பந்தம் போட்டாங்க, ஆறு மாசத்துல தோண்டினோம், அப்ப பார்த்து சத்து சதவீதம் குறைவுன்னு சொல்லி பாதி விலைக்குக் கேட்டாங்க. டெஸ்ட் பண்றது அவங்க லேப்ல, நமக்கு ஒரு தாள் கூடக் குடுக்கலை. வேரழுகல் வேற, அதுல கால்வாசி போச்சு. ஒப்பந்தம் போடறதா இருந்தா வெளி லேப்ல டெஸ்ட் பண்ணலாம்னு ஒரு வரி எழுதி வாங்குங்க அக்கா, நாங்க அதைக் கேட்காம விட்டுட்டோம்.

சித்தா பிடிஎம்
நான் பாளையங்கோட்டைல சித்த மருத்துவம் படிச்சேன், இப்ப பிடிஎம்ல பார்க்கறேன். ஜேபிநகர் சார்கிட்ட நேரடியா பேசணும், கோவிச்சுக்காதீங்க. மூலனூர் தம்பி சொன்ன செங்காந்தளும் இயற்கைதான் சார்.

சீந்திலை நான் மதிக்கறேன், நானே குடுக்கறேன், ஆனா இன்னாருக்கு, இந்த அளவு, இத்தனை நாள்னு பார்த்துத்தான் குடுக்கறேன். தினமும் வருஷக்கணக்கா எல்லாருக்கும்னு எந்த ஆசானும் சொல்லிக் குடுக்கலை. 2021ல மும்பைல சீந்தில் குடிச்சுட்டு வந்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்புன்னு டாக்டர்ஸ் எழுதினாங்க, ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது, செடி எதுன்னே சரியா பார்க்கலை, சீந்தில் குடும்பத்துலயே வேற இனமா இருக்கலாம்னு சொன்னாங்க. யார் சரின்னு சண்டை போடறதை விட்டுட்டு நம்ம பக்கம் யோசிங்க, அமைச்சகம் சொன்ன அந்தக் காரணமே நமக்கு எச்சரிக்கை இல்லையா? தண்டு முழுக்க முண்டு முண்டா மரு மாதிரி இருந்தா அது நம்ம சீந்தில் இல்லை. நம்மது மேல காகிதம் மாதிரி தோல் உரியும், உள்ள பச்சையா இருக்கும், இலை நல்லா இதய வடிவத்துல இருக்கும். சில வகைத் தைராய்டு மாதிரி உடம்பே உடம்பை எதிர்க்கற வியாதி இருக்கறவங்க, ஏற்கனவே கல்லீரல் பிரச்சனை இருக்கறவங்க டாக்டரைக் கேட்காம தொடவே கூடாது.

வல்லாரை பத்தியும் ஒண்ணு. மண்ணுல, தண்ணில இருக்கற ஈயம் மாதிரி உலோகத்தை இழுத்து வச்சுக்கற செடி அது. இந்த ஊர்ல ஏரிக்கரை, சாக்கடைத் தண்ணி பாயற இடத்துல கிடைக்கறதைப் பறிக்காதீங்க. சாரோட தொட்டில வளர்க்கறது தான் நல்லது.

மாடித்தோட்டம் ஜேபிநகர்
டாக்டரம்மா, மரியாதையா சொல்றேன், ஆங்கில மருந்துக்காரங்க எழுதினதை நீங்களே தூக்கிப் பிடிச்சா நம்ம வைத்தியத்தை யார் காப்பாத்தறது? 2020ல கபசுரக் குடிநீர் தெருத்தெருவா குடுத்தாங்களே, டெங்கு வந்தப்ப நிலவேம்பு குடுத்தாங்களே, அப்ப யார் செத்தாங்க?

சித்தா பிடிஎம்
சார், நிலவேம்புக் குடிநீர்னா நிலவேம்பு மட்டும் இல்லை. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம், சேர்ந்து ஒன்பது சரக்கு. கபசுரத்துல பதினஞ்சு. ஒண்ணோட வேகத்தை இன்னொண்ணு மட்டுப்படுத்தும், அளவும் நாளும் சொல்லித்தான் குடுக்கறது, ஜுரம் இல்லாதவன் வருஷம் பூரா குடிக்கறதுக்கு இல்லை. இந்த ஒன்பதுலயே எத்தனை குழப்பம் தெரியுமா? பற்படாகம்னு நம்ம சொல்றது ஒரு செடி, வடக்க ஆயுர்வேதத்துல அந்தப் பேருக்கு வேற செடி, கேரளாவுல இன்னொரு செடி. விலாமிச்சையைக் காட்டுலயே பார்க்க முடியாது, காவிரி, கொள்ளிடம் பக்கத்து மணல்ல சில குடும்பங்கள் பயிர் பண்றதாலதான் இன்னும் உயிரோட இருக்கு, அவங்க விட்டாங்கன்னா குடிநீர்ல எட்டு சரக்குதான்.

நம்ம வைத்தியத்தை காப்பாத்தறதுன்னு கேட்டீங்க. 1988ல கீழாநெல்லி பத்தி மெட்ராஸ் யுனிவர்சிடி தியாகராஜன் குழு லான்செட் மருத்துவ இதழ்ல எழுதினாங்க. மஞ்சள் காமாலை பி வைரஸ் உடம்புல தங்கினவங்க 37 பேருக்கு ஒரு மாசம் குடுத்து 22 பேருக்கு வைரஸ் அடையாளம் மறைஞ்சது, மருந்தில்லாத வெறும் மாத்திரை குடுத்த 23 பேர்ல ஒருத்தருக்குத்தான். அந்த வைரஸைக் கண்டுபிடிச்சு நோபல் வாங்கின ப்ளம்பர்க்கும் அதுல ஒருத்தர். உலகமே திரும்பிப் பார்த்துச்சு. அப்புறம் வேற ஊர்கள்ல செஞ்சு பார்த்தப்ப அதே பலன் வரலை. ஏன் வரலைங்கறதுக்கு சொல்ற காரணத்துல ஒண்ணு, கீழாநெல்லின்னு ஒரே பேர்ல நாலஞ்சு இனம் கிடக்கு, மண்ணும் பறிச்ச காலமும் மாறினா சத்தும் மாறும். நான் படிச்சதுல எனக்கு ரொம்ப வலிச்ச விஷயம் இது. எந்தச் செடின்னு உறுதியா சொல்ல முடியாத வைத்தியத்தை நம்ம எதிரி ஒண்ணும் அழிக்க வேண்டாம் சார், தானாவே போயிடும். அதுக்குத்தான் இவ்வளவு கறாரா பேசறேன்.

மாடித்தோட்டம் ஜேபிநகர்
சரிங்கம்மா. சாயங்காலம் மாடில போய் தண்டைப் பார்த்தேன், காகிதத் தோல்தான், மரு இல்லை. ஆனா என் சம்சாரத்துக்கு தைராய்டு இருக்கு, இது தெரியாது எனக்கு. அவங்களுக்கு நிறுத்திட்டேன், எனக்கும் கல்லீரல் டெஸ்ட் எழுதிக் குடுக்கச் சொல்லிருக்கேன்.

யெளந்தூர் பஸ்
வேலை விஷயமா பிஆர் ஹில்ஸ், அதான் பிலிகிரிரங்கன் மலை, அடிக்கடி போறவன். அங்க சோலிகர் பழங்குடி ஜனங்க தலைமுறையா நெல்லிக்காய், தேன், பாசி எடுத்து வித்தவங்க. 2002ல வன உயிர்ச் சட்டத்தைத் திருத்தினப்புறம் சரணாலயத்துக்குள்ள விக்கறதுக்குப் பறிக்கக் கூடாதுன்னு ஆச்சு, சோத்துக்கே வழி இல்லாம எஸ்டேட் வேலைக்குப் போனவங்களை எனக்குத் தெரியும். 2011ல வன உரிமைச் சட்டத்துல சமூக உரிமை, அதாவது ஊரா சேர்ந்து காட்டுல பறிக்கற உரிமை, கிடைச்சது. ஒரு பெரியவர் என்கிட்ட சொன்னார், கொப்பை வெட்டாம பறிப்போம், மிருகத்துக்கும் மரத்துக்கும் கொஞ்சம் விடுவோம், மரத்துல ஏர்ற புல்லுருவியை வெட்டி விடுவோம், நாங்க ஏறாத வருஷங்கள்ல புல்லுருவிதான் ஏறி உக்காந்துச்சுன்னார். காட்டுல பறிக்கறவன் எல்லாம் திருடன்னு இங்க யாரும் நினைச்சுரக் கூடாதுன்னுதான் எழுதறேன். லாரி வச்சு ஆள் விட்டுத் தோண்டறவன் வேற, இவங்க வேற.

இலைநரம்பு
முழுசா ஒத்துக்கறேன். நான் மேல தோண்டறாங்கன்னு பொதுவா எழுதினது தப்பு.

கோலார் தங்கம்
சந்தனம் போடலாமே? கர்நாடகால 2001லயும் தமிழ்நாட்டுல 2002லயும் சட்டம் மாத்திட்டாங்க, பட்டா நிலத்து மரம் நமக்குத்தான் சொந்தம். மல்லேஸ்வரம் மர அறிவியல் இன்ஸ்டிட்யூட்ல பயிற்சி குடுக்கறாங்க.

பழைய அல்சூர்
தம்பி, சொந்தம் நமக்கு, ராத்திரி காவல் யாரு? வயிரம் பாய பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும், அதுவரைக்கும் அவங்க அப்பா அந்த மானாவாரில கட்டில் போட்டுப் படுக்கணுமா? வேண்டாம்மா.

சாத்தான்குளத்துப் பொண்ணு
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூணு வாரம் ஆச்சு, நடந்ததைச் சொல்லிடறேன்.

அல்சூர் ஐயா என்கூடவே கடைக்கு வந்தாங்க. சொகதே பேருன்னு கேட்டதும் உள்ளேருந்து வேற ஒரு சாக்கை எடுத்தார், கம்பி மாதிரி, வெடிப்பு வெடிப்பா, நிஜ நன்னாரி. கடைக்காரர் கோவிக்கலை, "நீங்க பேர் சொல்லிக் கேட்டா நான் ஏன் மாத்திக் குடுக்கப் போறேன்"ன்னார், விலை மட்டும் கூடுதல். முன்னாடி வாங்கின மாகாளியை அம்மா, காஞ்சது ஊறுகாய்க்கு ஆகாது, சர்பத்துக்கே போட்டுக்கோன்னுட்டாங்க. டாக்டரம்மா அவங்க தொட்டிலேருந்து நன்னாரிக் குச்சி ஒண்ணு குடுத்தாங்க, நேத்து ரெண்டு இலை விட்டிருக்கு, நடுவுல வெள்ளைக் கோடு.

நிலத்தைப் பத்தி அப்பாகிட்ட ஒரு மணி நேரம் பேசினேன். இங்க எழுதினதை எல்லாம் படிச்சுக் காட்டினேன், ஆத்தூர்க்காரர் எழுதினதை ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க. முதல்ல அரை ஏக்கர் மட்டும் நெலாவரை. அதுக்குத் தண்ணி வேண்டாம், ஆடு மாடு வாய் வைக்காது, மழை தேங்கினாத்தான் செத்துப் போகும், எங்க நிலம் மேடு. மீதில வழக்கம்போல உளுந்து. ஆச்சி காலத்துல இலை வாங்கினவங்க பேரன் இன்னும் அதே தொழில்ல இருக்காராம், அப்பா நேர்ல போய்ப் பேசிட்டு, வெளி லேப் டெஸ்ட்டைப் பத்தியும் கேட்டுட்டு வந்தாங்க. "எழுதித் தருவேன்னு சொல்லியிருக்கான், எழுதினப்புறம் விதை வாங்குதேன்"ன்னாங்க. விக்கற பேச்சை இப்ப எடுக்கலை.

இன்னொண்ணு, மருத்துவச் செடிகளுக்குன்னு காட்டுல ஒதுக்கின இடங்கள்ல சாவனதுர்கா மலையும் ஒண்ணுன்னு இலைநரம்பு சொன்னாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை அவங்களோட போய் மாகாளிக் கொடி பார்க்கப் போறோம். பார்க்க மட்டும்தான், யாரும் எதையும் பிடுங்கக் கூடாது. காலைல ஆறு மணிக்கு நாயண்டஹள்ளி மெட்ரோ வாசல். யார் யார் வர்றீங்க?

மூலனூர்க்காரன்
நானும் எங்கம்மாவும் வர்றோமுங்க. இப்ப இங்கதான் வந்திருக்காங்க, செடியே பார்க்காம நாலு செவுத்துக்குள்ள உக்காந்திருக்கறாங்க.

பழைய அல்சூர்
மலை ஏற என்னால ஆகாது. கீழ நிழல்ல உக்காந்திருக்கேன், இருபது பேருக்கு இட்லி கட்டிட்டு வரேன்.